அவ நம்ப மாட்டா

மேடம் எழுதிய கடிதங்கள் எல்லாமே ஒரே மாதிரித்தான் தொடங்கும். ‘இந்த வாரம் வளவனூரில் ஒரு சைக்கிள் கடையில் இரண்டு மணி நேரம் நின்றேன்.’ ‘இந்த வாரம் திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பழக்கடையில் ஒன்றேகால் மணி நேரம் நின்றேன்.’ இடம், கடை, நேரம். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வருவார்.

அந்த முதல் வரியை மாற்றச் சொல்லி நான் பலமுறை கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பொறியியல் முடித்துவிட்டுத் திண்டிவனத்தில் வீட்டிலிருந்தபடி வேலை தேடிக்கொண்டிருந்தேன். மின்னஞ்சலின் தலைப்பும் முதல் வரியும் எப்படி இருக்க வேண்டும் என்று படித்துப் பதினோரு விதிகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

“‘உங்க கடையில கூட்டம் சேர மூணு வழி’ன்னு ஆரம்பிச்சா நெறய பேர் தொறப்பாங்க மேடம்.”

“தொறப்பாங்கம்மா இன்ஜினீரு. ஆனா அவ நம்ப மாட்டா.”

விவாதம் அதோடு முடிந்துவிடும். நான் வரியை அப்படியே தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்புவேன். மேடத்துக்கு நான் செய்துகொடுத்த வேலை அதுதான்.

அது கடைக்காரர்களுக்கான வாரக் கடிதம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் கடை வைத்திருப்பவர்கள்தான் வாசகர்கள்: மளிகை, உரம், பேக்கரி, செல்போன் ரிப்பேர், மல்லாட்டை என்கிற நிலக்கடலை மண்டி. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரே ஒரு பக்கம் போகும். வாட்ஸப்பில் அனுப்பலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். “அதுல வந்தா குட் மார்னிங் பூவோட சேந்து போயிடும்” என்று மறுத்துவிட்டார். மேடத்துக்கு ஐம்பதை ஒட்டிய வயது. தனியாக ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தார். காலையில் ஓர் எடைமேடையில் லாரிகளுக்குச் சீட்டுப் போடும் வேலை. மதியத்துக்கு மேல் ஏதாவது ஒரு டவுன் பஸ் ஏறி, ஏதாவது ஓர் ஊரில் இறங்கி, ஏதாவது ஒரு கடையில் நிற்பார்.

நிற்பார் என்றால் நிற்பார். ஸ்டூல் போட்டாலும் உட்கார மாட்டார். “உக்காந்தா கடைக்காரன் நம்மளப் பாத்துப் பேச ஆரம்பிச்சிடுவான். ஒரு ஓரமா நின்னுக்கினு இருந்தா கொஞ்ச நேரத்துல நம்மள மறந்துட்டு வேலையப் பாப்பான். அப்பத்தான் நாம பாக்க முடியும்” என்பார். கையில் நோட்டு இருக்காது, படமும் எடுக்க மாட்டார். பழுப்பு நிறக் கைப்பை ஒன்றை முன்னால் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பவரைப் போல நிற்பார்.

அப்படி நின்றுதான் பெருமுக்கல் மலையடிவாரத்துப் பெட்டிக்கடைக்காரரைப் பிடித்தார். மலைக்கோயிலுக்கு ஏறுகிறவர்களிடம் அவர் எதையும் விற்க முயல்வதில்லை. “செருப்ப இங்க வுட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன், துட்டு வாணாம்” என்று மட்டும் சொல்வார். இறங்கி வருகிறவர்கள் செருப்புக்காகக் கடை வாசலுக்கு வந்தே தீர வேண்டும். அந்த வெயிலில் வந்து நிற்பவன் சோடா குடிக்காமல் போவானா? மேடம் அதைப் பாடமாக எழுதவில்லை. ஒரு மணி நேரத்தில் எத்தனை ஜோடி செருப்பு வந்தது, செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர், அவர்களையும் கடைக்காரர் எந்த முகத்தோடு அனுப்பினார், இவ்வளவுதான். அந்த வாரம் உரக்கடைக்காரர் ஒருவர் போன் செய்து, “மேடம், செருப்புக்குப் பதிலா எங்கிட்ட இன்னா வுட்டுட்டுப் போவாங்கன்னு ரெண்டு நாளா ரோசிச்சிக்கினு இருக்கேன்” என்றார். மேடம் ரொம்ப நேரம் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு.

ஞாயிறு மாலைகளில் கடிதத்தை எனக்கு உரக்க வாசித்துக் காட்டுவார். நான் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். அவர் ஜன்னலோரம் நின்றுகொண்டு வாசிப்பார். வாசிக்கும்போதே நடுநடுவே நிறுத்துவார். “இங்க அவ சிரிப்பா.” “இங்க மூக்க உறிஞ்சுவா.” பழக்கடைக் கடிதத்தில் ‘வாடிக்கையாளர்கள் மகிழ்ச்சியுடன் திரும்பினார்கள்’ என்று ஒரு வரி இருந்தது. அதை வாசித்ததும் குரலை மாற்றிக்கொண்டார். கொஞ்சம் கட்டையான, பொறுமையில்லாத ஒரு குரல். “மகிழ்ச்சியா இருந்தாங்கன்னு உனுக்கு எப்டிடீ தெரியும்? மூஞ்சியில எழுதி ஒட்டி இருந்துதா?” பிறகு தன் குரலுக்குத் திரும்பி, “எடுத்துடும்மா. ‘இரண்டு பேர் பாதி வழியில் திரும்பி வந்து இன்னொரு கிலோ வாங்கினார்கள்’னு போடு. அத்தத்தான் நான் பாத்தேன்” என்றார்.

அந்தக் கட்டைக்குரல் எனக்குப் பழகிவிட்டது. அந்த அறையில் எப்போதும் நாங்கள் மூன்று பேர் இருப்பது போலத் தோன்றும்.

இனிப்புக்கடை விவகாரத்தையும் சொல்ல வேண்டும். மூன்று கிளை வைத்திருந்த ஓர் இனிப்புக்கடை முதலாளி, தன்னைப் பற்றி எழுதச் சொல்லி, போட்டோவோடு நான்கு பக்கக் குறிப்பை அனுப்பினார். மேடம் குறிப்பைப் பிரிக்கவே இல்லை. அவருடைய கடையில் போய் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு வந்து, கடையின் பெயர் போடாமல் எழுதினார்: கடைப்பையன்கள் வாடிக்கையாளரைப் பார்ப்பதைவிட மேலே மாட்டியிருக்கும் கேமராவைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். முதலாளிக்குத் தன் கடை என்று புரிந்துவிட்டது. அன்றைக்கே பட்டியலிலிருந்து விலகினார். இரண்டு வாரம் கழித்து ஒரு வார்த்தையும் சொல்லாமல் மறுபடி சேர்ந்துகொண்டார். “கேமராவத் திருப்பி வச்சிட்டாரா மேடம்?” என்று கேட்டேன். “போயி நின்னாத்தான தெரியும்” என்றார்.

ஒருமுறை நான்கு நாள் அடைமழை. பஸ் ஓடவில்லை. அந்தத் திங்கட்கிழமை போன கடிதத்தில் இரண்டே வரிகள். ‘இந்த வாரம் எங்கும் நிற்கவில்லை. ஆகவே சொல்ல எதுவும் இல்லை.’ பழைய கடிதம் ஒன்றை மறுபடி அனுப்பலாம், யாராவது சொன்னதை எழுதலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அந்த இரண்டு வரிக்கு வந்த பாராட்டு வேறு எந்தக் கடிதத்துக்கும் வரவில்லை.

யார் அந்த ‘அவ’ என்று நான் ரொம்ப நாள் கேட்கவில்லை. கேட்காமலேதான் வந்து விழுந்தது. எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. அதுவரை வந்த கடிதங்களில் அவர் எந்தெந்தத் தெருவில் நின்றிருக்கிறார் என்று ஓர் அட்டவணை போட்டேன். விழுப்புரத்தில் கடைத்தெருக்கள் எல்லாமே வந்திருந்தன, ஒரே ஒரு தெருவைத் தவிர. பம்புசெட் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு.

விழுப்புரத்திலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில் அதைச் சொன்னேன். கண்டுபிடித்துவிட்ட பெருமையோடுதான் சொன்னேன். மேடம் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“அங்கதாம்மா அவ கட இருக்குது. எங்க கடன்னு சொல்லணும். ரெண்டு பேரும் பாலிடெக்னிக்ல ஒண்ணாப் படிச்சோம். ரெண்டு பொம்பளைங்க பம்புசெட்டு சாமான் விக்கறாளுங்கன்னு ஜனங்க வேடிக்க பாத்த காலம் அது. நல்லாத்தான் ஓடிக்கினு இருந்துது. புதுசா ஒரு பைப்பு வந்துது. கம்பெனிக்காரன் பத்து வருசம் உழைக்கும்னான். நான் பாக்கல. பாத்த மாதிரியே அவகிட்ட சொன்னேன், ‘போயிப் பாத்துட்டேன், அடிச்சாலும் ஒடையாது’ன்னு. அவ எம் பேச்ச நம்பி அவங்க ஊரு ஜனங்க அத்தினி பேருக்கும் வாங்கிக் குடுத்தா. சித்திர வெயில்ல பைப்பு பூரா வெடிச்சிப் போச்சி. கரும்பு நின்ன எடத்துலயே காஞ்சிது. அவ அப்பாவ ஊரு நடுவுல நிக்க வச்சிக் கேட்டாங்க.”

கண்டக்டர் வந்து போகும்வரை நிறுத்தினார்.

“அவ என்னத் திட்டல. ‘நீ பாத்தியா’ன்னு ஒண்ணுதான் கேட்டா. பாக்கலன்னேன். ‘இனிமே நீ எத்தச் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்’னா. நான் பையத் தூக்கிக்கினு வந்துட்டேன்.”

“அதுக்கப்புறம் பேசவே இல்லியா மேடம்?”

“அதான் எழுதிக்கினு இருக்கேனே.”

பட்டியலில் முதல் முகவரி அவருடையதாம். மேடமே சேர்த்தது. “பாத்தத மட்டும் எழுதி எழுதி அனுப்பிச்சிக்கினே இருந்தா, ஒரு நாளு ‘சரி’ன்னு ஒரு வார்த்த எழுதுவா. அது போதும். வேற ஒண்ணும் வாணாம்” என்றார். எங்கள் ஸ்டாப் வந்தது. இறங்கிவிட்டோம். அதன் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் செய்தது அடுத்த ஆண்டு.

கடிதம் நிறையப் பேருக்கு ஸ்பேம் என்னும் குப்பைப் பெட்டியில் விழுவதாகப் புகார் வர ஆரம்பித்தது. காரணம் எனக்குத் தெரியும். திறக்கவே திறக்காத முகவரிகளுக்கு வாரா வாரம் அனுப்பிக்கொண்டிருந்தால், மின்னஞ்சல் நிறுவனங்கள் நம் கடிதத்தையே குப்பையாக எண்ணிவிடும். அதற்குச் செய்ய வேண்டியதையும் படித்திருந்தேன். ஓராண்டாகத் திறக்காதவர்களைத் தனியே பிரித்து, ‘இன்னும் படிக்கிறீர்களா? ஆம் என்றால் இந்தப் பொத்தானை அழுத்துங்கள்’ என்று ஓர் அஞ்சல் அனுப்ப வேண்டும். இரண்டு வாரம் பார்க்க வேண்டும். அழுத்தாதவர்களை எடுத்துவிட வேண்டும். ஒரு படி விடாமல் செய்தேன். மேடத்திடமும் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். “உன் வேலைய நீ பாரும்மா” என்றார். பிரித்த பெயர்களை மட்டும் அவரிடம் காட்டவில்லை. எனக்கு அவை வெறும் முகவரிகள். முதல் முகவரி யாருடையது என்று பஸ்ஸில் அவர் சொன்னது அந்த நேரத்தில் என் நினைவில் இல்லை.

குப்பைப் பெட்டிப் புகார்கள் நின்றன. எனக்குப் பெருமையாக இருந்தது. எடுத்துவிட்டவர்களின் பட்டியலை அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன். விரலை வைத்துக்கொண்டு கீழே இறங்குவார் என்று நினைத்தேன். விரல் முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

“இது தொறக்கவே இல்லியா?”

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஆனாலும் திரையைப் பார்த்து உள்ளதைச் சொன்னேன்.

“இல்ல மேடம்.”

“ஒரு தடவ கூடவா?”

“ஒரு தடவ கூட இல்ல மேடம்.”

“ஆரம்பத்துலேர்ந்தே?”

“ஆரம்பத்துலேர்ந்தே.”

“மறுபடி சேத்துடறேன் மேடம், ஒரு நிமிஷ வேலதான்” என்றேன். தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். “எதுக்கு? படிக்காதவளுக்கு எதுக்கு?” என்றார். எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். நானும் சொல்லாமல் குடித்தேன்.

அதற்குப் பிறகு மூன்று கடிதங்கள் வந்தன. ஞாயிறு மாலைகளில் வாசித்தார், ஆனால் எங்கும் நிறுத்தவில்லை. கட்டைக்குரல் வரவில்லை. மூன்றாவது கடிதம் ஒரு பேக்கரியைப் பற்றியது. அதில் ‘வாடிக்கையாளர்கள் மகிழ்ச்சியுடன் திரும்பினார்கள்’ என்று ஒரு வரி இருந்தது. வாசித்துக்கொண்டே போய்விட்டார். நான் தட்டச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். “போடும்மா. யாரு கேக்கப் போறாங்க” என்றார்.

நான்காவது வாரம் எழுதவில்லை. வாசகர்கள் போன் செய்தார்கள். உடம்பு சரியில்லை என்றார். எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கிளம்பும்போது, “நல்லா இரும்மா. எதையும் பாத்துட்டுச் சொல்லு” என்றார். சில மாதங்களில் அவர் எண் உபயோகத்தில் இல்லை என்றது. ஊருக்கு வந்தபோது மாடிப் போர்ஷனில் வேறு குடும்பம் இருந்தது. வீட்டுக்காரருக்குத் தெரிந்ததெல்லாம், “குயிலாப்பாளையத்துப் பக்கம் எதோ வேல கெடச்சிதுன்னாங்க. அட்ரஸ் குடுக்கல” என்பதுதான். குயிலாப்பாளையத்துக்கும் போய் இரண்டு முறை விசாரித்தேன். அங்கே ஆளைக் கேட்டால் எந்த வேலை, எந்த இடம் என்று திருப்பிக் கேட்கிறார்கள். என்னிடம் இருந்தது ஒரு பழுப்பு நிறக் கைப்பையின் அடையாளம் மட்டும்.

சென்ற பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தேன். அப்பாவின் கிணற்று மோட்டாருக்கு ஃபுட் வால்வு போய்விட்டது. அந்தப் பழைய அளவு விழுப்புரத்தில்தான் கிடைக்கும் என்றார்கள். நான் போனேன், அந்தத் தெருவுக்கு. கடையைத் தேடிப் போனேன் என்று சொன்னால் பொய். நான்காவது கடையில் ஒரு அம்மா இருந்தார். “இருக்குது. ஆனா கொடவுன்ல இருக்குது. ஆளு எடுத்தாரணும், நேரமாவும்” என்றார். கட்டையான, பொறுமையில்லாத குரல். ஞாயிறு மாலைகளில் மேடம் மாற்றிப் பேசிக் காட்டிய அதே குரல். ஸ்டூலைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

மேசைக்குப் பக்கத்தில் பில் குத்தும் கம்பிகள் இரண்டு தொங்கின. ஒன்றில் பில்கள். இன்னொன்றில் தடிமனாக, பழுப்பேறிப்போன முழுத்தாள்கள். விளிம்பு மடிந்திருந்த ஒரு தாளில் முதல் வரி தெரிந்தது. ‘இந்த வாரம் பெருமுக்கல் அடிவாரத்தில்...’

அந்த வரியை முழுவதும் படித்தேன். பிறகு, மேடத்தின் கடிதங்களைக் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பியவள் நான்தான் என்று சொன்னேன். அந்த அம்மா மூக்கை உறிஞ்சினார்.

“ஓ, நீதான் அந்த கம்ப்யூட்டர் பொண்ணா? திடீர்னு நிறுத்திட்டாளே, ஏன்? எம் பேர மட்டும் வெட்டி வுட்டுட்டாளா, இல்ல எல்லாத்துக்குமேவா?”

“நீங்க இதெல்லாம் படிச்சீங்களா?”

“படிக்காம, வட மடிக்கவா வச்சிருக்கேன்? எனக்கு இந்த மெயிலு கியிலுலாம் தெரியாது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரம்மா திங்கக்கெழம திங்கக்கெழம தொறந்து பிரிண்ட் போட்டுக் குடுத்துடும்.”

கடிதத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளிப் படம் வைத்திருப்போம். அந்தப் படம் வாசகரின் கணினியில் இறங்கினால்தான் திறந்ததாக எங்களுக்குத் தெரியவரும். நெட் மெதுவாக இருக்கும் கடைகளில் படம் எதுவும் இறங்காதபடி நிறுத்தி வைத்திருப்பார்கள். இது எனக்கு அப்போதே தெரியும். அதே நோட்டின் பின்பக்கத்தில் எட்டாவது குறிப்பாக எழுதி வைத்திருந்தேன்.

அந்த அம்மா கம்பியிலிருந்து தாள்களைக் கழற்றி என் முன்னால் வைத்தார். பாதிக்கு மேல் தாள்களின் மூலையில் நீல மையில் ஒரு ‘டிக்’ இருந்தது.

“இது போயிப் பாத்தது. அவ சொன்னா நம்பிடுவேனா? ஒவ்வொரு கடையா நானே போயி நின்னேன். அந்தச் செருப்புக்காரன் கடையில சோடா கூடக் குடிச்சேன், உப்பு ஜாஸ்தி. எல்லாத்தையும் பாத்து முடிச்சிட்டு அவளுக்கு ஒரு வார்த்த சொல்லலாம்னு இருந்தேன். நடுவுலயே நின்னு போச்சி.”

“ஒரு போன் பண்ணியிருக்கலாமே அம்மா. நம்பர் கீழயே இருந்துதே.”

“அத்தினி வருசம் கழிச்சி போன எடுத்து இன்னான்னு பேசறது? சாப்ட்டியான்னா?”

கடைசித் தாளை எடுத்துக் காட்டினார். ‘இன்னும் படிக்கிறீர்களா?’ நான் அனுப்பியது. பொத்தான் காகிதத்தில் ஒரு சாம்பல் கட்டமாக அச்சாகியிருந்தது. அதன் கீழே நீல மையில் நான்கு வரி: ‘படிக்கிறேன். பாதிக்கு மேல் பார்த்துவிட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. மீதியையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.’

“ஜெராக்ஸ் கடைக்காரம்மாகிட்ட இத்த அடிச்சி அனுப்பச் சொன்னேன். அனுப்பிச்சிது. திரும்பி வந்துடிச்சி. அவதான் வாணாம்னு கதவ மூடிட்டான்னு நெனச்சி வுட்டுட்டேன்” என்று அதற்குப் பின்னால் குத்தியிருந்த இன்னொரு தாளைத் திருப்பினார். பதில் ஏற்காத முகவரி என்று ஆங்கிலத்தில் இருந்தது. கடிதங்கள் எல்லாம் மேடத்தின் சொந்த முகவரியிலிருந்துதான் போகும். அந்த ஒரே ஓர் அஞ்சலை மட்டும் நான் மென்பொருளின் தானியங்கி முகவரியிலிருந்து அனுப்பியிருந்தேன். அது என் விரல் செய்த வேலை.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அந்த அம்மா தாள்களைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒருவர் வந்து பைப்பை இணைக்கும் கப்ளிங் கேட்டார், அந்த அம்மா எடுத்துக் கொடுத்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

“நான் படிக்கலன்னு சொன்னியே, நீ பாத்தியா?”

“இல்லம்மா. கம்ப்யூட்டர் சொன்னிச்சி.”

“ம்.” அந்த ஒரு எழுத்தில் திட்டு இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாள்களை வரிசை மாறாமல் மறுபடி கம்பியில் குத்தினார். ஃபுட் வால்வு வந்தது. பையை எடுத்துக்கொண்டு திரும்பியபோது கூப்பிட்டார்.

“எத்தினி நேரமா நின்னுக்கினு இருக்கற நீ?”

“ஒன்றரை மணி நேரம் இருக்கும்மா.”

“அப்ப எழுது அவளுக்கு. சேத்து எழுதாத. பாத்தத மட்டும் எழுது.”

எழுதினேன். ‘இந்த வாரம் விழுப்புரத்தில் ஒரு பம்புசெட் சாமான் கடையில் ஒன்றரை மணி நேரம் நின்றேன்’ என்று தொடங்கி ஒரு பக்கம். நீல மை டிக், உப்பு ஜாஸ்தியான சோடா, சாம்பல் கட்டத்துக்குக் கீழே இருந்த நான்கு வரி, என் தவறு இரண்டும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அனுப்பினேன். பதில் வந்தால் வந்து சேரும் முகவரியிலிருந்துதான் அனுப்பினேன். பட்டியலில் இரண்டே பேர்: முதலில் அந்த அம்மா, இரண்டாவதாக மேடத்தின் பழைய மின்னஞ்சல் முகவரி.

அன்று மத்தியானமே விழுப்புரத்திலிருந்து போன் வந்தது. “கப்ளிங் வாங்க வந்தவன எதுக்கு எழுதின, அவனுக்கும் இதுக்கும் இன்னா?” என்று சண்டை பிடித்தார். அடுத்த வாரம் திங்கட்கிழமை மறுபடி கூப்பிட்டு, ஏதாவது வந்ததா என்றார். இல்லை என்றேன். இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் கூப்பிடுகிறார். இருவரும் அதிகம் பேசுவதில்லை.

கடிதம் திறக்கப்பட்டதா என்று இன்றும் பார்த்தேன். இரண்டு முகவரிகளுக்கு நேரேயும் ‘திறக்கப்படவில்லை’ என்றுதான் இருக்கிறது. முதல் முகவரிக்காரர் அதை வரிக்கு வரி படித்துச் சண்டையும் போட்டுவிட்டார். இரண்டாவது முகவரியை நான் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை.